அந்திவேளைக் கைங்கரியம்

பேத்தி பிறந்த மூன்றாம் வாரம் முதல், சாயரட்சை வேளையில் நாள்தோறும் கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுதாள். வசம்பு உரைத்துப் புகட்ட முனைந்த என் துணைவியாரை மருத்துவர் தடுத்தார். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும் என்றும், இவ்வழுகை ஆறாம் வார அளவில் மிகுந்து, பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் தானே அடங்கிவிடும் என்றும் கூறினார். எக்காரணம் கொண்டும் குழந்தையைக் குலுக்கலாகாது; காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுத்தல் ஆகியவை தோன்றினால் உடனே வரவேண்டும் என்றும் எச்சரித்தார்.

அன்று முதல் மாலையில் கோயிலுக்குச் செல்லாமல், குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகை வருடியபடி கூடத்தில் உலவினேன். தீபாராதனையைத் தவறவிடுகிறோமே என்று முதலில் மனம் வருந்தியது. இரவெல்லாம் கண்விழித்த மகள் அந்த ஒரு மணி நேரம் அயர்ந்து உறங்கியதைக் கண்டபோது, அவ்வருத்தம் அகன்றது.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் பச்சிளங்குழந்தை அழுதால், சில மாதங்கள் இக்கைங்கரியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்; தாய் சற்றே உறங்கட்டும்.