செய்தியில் இங்கிலீஷ்: கைதானவர் எல்லாம் குற்றவாளியா?

ஒருவர் கைதான செய்தி வந்த சில நிமிடங்களிலேயே, 'குற்றவாளி சிக்கினார்' என்று போட்டோவுடன் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு பறக்கிறது. அதே செய்தியை ஆங்கிலத்தில் கவனித்துப் படியுங்கள். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதற்கென ஒரு வார்த்தை இருக்கும். இந்த வாரம் அந்த வார்த்தைகள், வழக்கு நகரும் வரிசையிலேயே!

அலெஜ்ட்லி: 'செய்ததாகக் கூறப்படுகிறது' என்று பொருள். 'ஹி அலெஜ்ட்லி ஸ்டோல் தி பைக்' என்றால், அவர் பைக்கைத் திருடியதாகப் புகார் இருக்கிறது, இன்னும் நிரூபணமாகவில்லை. இந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டால், 'திருடினார்' என்று நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

சஸ்பெக்ட், அக்யூஸ்ட்: சஸ்பெக்ட் என்பவர் சந்தேகத்துக்கு உள்ளானவர். அக்யூஸ்ட் என்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். இருவருமே இன்னும் குற்றவாளி ஆகவில்லை.

ரிமாண்ட்: காவலில் வைக்க உத்தரவிடுவது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்ட்ரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. அப்போது 'ஜுடீஷியல் கஸ்டடி' என்று உத்தரவானால், அவரைச் சிறையில் அடைப்பார்கள். ஆனால், அது தண்டனை அல்ல.

பெயில், பரோல்: பெயில் என்பது ஜாமீன். ஆள் வெளியே வந்தாலும் வழக்கு தொடரும். பரோல், தண்டனை பெற்ற கைதிக்குத் தற்காலிகமாகக் கிடைப்பது. பிரெஞ்சு மொழியில் 'பரோல்' என்றால் 'வாக்கு'. திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே போவதால் இந்தப் பெயர்.

டிஸ்சார்ஜ், அக்விட்டட்: ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, கோர்ட்டிலும் டிஸ்சார்ஜ் உண்டு! வழக்கை நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று, சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே விடுவிப்பது அது. முழு விசாரணைக்குப் பிறகு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்வது அக்விட்டல். அப்படி விடுதலையானவர் அக்விட்டட்.

கன்விக்டட்: குற்றம் நிரூபணமாகி, குற்றவாளி என்று கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. 'குற்றவாளி' என்ற சொல்லை இங்கேதான் பயன்படுத்த வேண்டும்.

இப்போது ஒரு குட்டிப் பயிற்சி. 'அக்யூஸ்ட் கெட்ஸ் பெயில்' என்ற தலைப்பை ஒருவர் 'குற்றவாளி விடுதலை' என்று மொழிபெயர்த்து அனுப்புகிறார். இருப்பது இரண்டே வார்த்தை, இரண்டுமே தப்பு! 'குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன்' என்பதே சரி. ஒருவேளை அவர் நிரபராதி என்று நாளை தீர்ப்பு வந்தாலும், முதலில் போன ஃபார்வர்டைத் திரும்ப வாங்க முடியாது. அனுப்பும் முன் அந்த வார்த்தையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.