வண்டியும் நாமும்: தூக்கிக் கட்டிய பிக்கப்பில் கறகறச் சத்தம்



யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பெரியோர் வாக்கு. வண்டி விஷயத்திலும் அப்படித்தான். பெரிய செலவு பின்னால் வரும். சத்தம் முன்னால் வந்துவிடும். அதைக் காதில் வாங்கிக் கொண்டவர் சின்னச் செலவோடு தப்பித்துக் கொள்கிறார். வானொலியை உரக்க வைத்துவிட்டு ஓட்டியவர் நடுவழியில் நிற்கிறார்.

இந்த இதழில், நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியைப் பற்றிப் பார்ப்போம். செம்பனைக் காட்டுப் பாதையில் அடி தட்டாமல் போகவும், மழைக்காலச் சேற்றில் மாட்டிக் கொள்ளாமல் இருக்கவும் பலர் இதை 2 அங்குலம், 4 அங்குலம் என்று தூக்கிக் கட்டி, பெரிய டயரும் போட்டுக் கொள்கிறார்கள். சிலர் பார்வைக்காகவும் செய்கிறார்கள். சில மாதம் ஓடியதும், அடியிலிருந்து அம்மியில் மணலை அரைப்பது போல் ஒரு சத்தம் கிளம்புகிறது. பழ மூட்டை ஏற்றுவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அந்த ஒரே வண்டிதான் என்றால், வீட்டில் அன்றே கவலை தொடங்கிவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். இன்ஜினின் சக்தி நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், அதையடுத்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ், அங்கிருந்து நீண்ட தண்டாகச் சுழலும் புரோப்பலர் ஷாப்ட், பிறகு அச்சின் நடுவே பானை போல் இருக்கும் டிப்ரன்ஷல், கடைசியில் சக்கரம் என்று ஒன்றின் கையிலிருந்து ஒன்று வாங்கிச் செல்கிறது. இந்த வரிசையில் எங்கே உராய்ந்தாலும் நம் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். அதனால்தான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு முன், எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும்.

தூக்கிக் கட்டுவதால் என்ன ஆகிறது? கியர்பாக்ஸ் உடம்போடு மேலே போய்விடுகிறது. பின் அச்சு கீழேயே நிற்கிறது. நடுவிலுள்ள புரோப்பலர் ஷாப்ட் முன்னைவிடச் சாய்ந்துவிடுகிறது. அதன் இரு முனையிலும் சிலுவை வடிவத்தில் யூ-ஜோயிண்ட் என்னும் மூட்டு இருக்கிறது. சாய்ந்த மூட்டு ஒரே சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை விரைந்து, இரண்டு முறை தயங்கும். இரு முனையிலும் சாய்வு ஒரே அளவாக இருந்தால் ஒன்றின் தயக்கத்தை மற்றொன்று சரிசெய்துவிடும். அளவு மாறினால் அதிர்வும், அதன் பின்னால் தேய்மானமும் வரும். முன்பக்கத்தில் சி.வி. ஜோயிண்டுகளுக்கும் இதே கதைதான். சாய்வு கூடக்கூட அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறை மடிந்து உரசிக் கிழியும். உள்ளேயிருக்கும் கிரீஸ் வெளியே தெறிக்கும். செம்மண் உள்ளே புகும். பிறகு அது மூட்டல்ல, ஆட்டுக்கல்.

இனிச் சோதனைக்கு வருவோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் உட்காரும் மனைவியோ, வளர்ந்த பிள்ளையோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்ளட்டும். மெக்கானிக்கிடம் கொடுக்க அந்த ஒரு பக்கத்தைவிட நல்ல சாமான் கிடையாது.

காசில்லாத காரியங்களை முதலில் பாருங்கள். பிரேக் தட்டுக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையே ஒரு சரளைக் கல் மாட்டிக் கொண்டாலே கியர்பாக்ஸ் உடைந்தது போல் கத்தும். பிரேக் கட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினாலும் அப்படியே. பெரிய டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். இவற்றைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்து, வண்டியை நிறுத்தி வைத்து, கியர் போடாமல் இன்ஜினை ஓட விடுங்கள். இது கிளட்ச் மிதிக்கும் வண்டிக்கு மட்டும் உரிய சோதனை. சும்மா நிற்கும்போது சத்தம் வந்து, கிளட்சை மிதித்தவுடன் நின்றுவிட்டால் கியர்பாக்ஸின் உள் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சைத் தள்ளும் பேரிங் தேய்ந்திருக்கிறது.

நிற்கும்போது சத்தமே இல்லை, ஓடினால்தான் வருகிறதா? ஆளரவமற்ற சமதள நேர்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சாவியை மட்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துப்போகும், பிரேக்கும் கெட்டியாகிவிடும். இறக்கத்திலும் இதைச் செய்யாதீர்கள். நியூட்ரலில் இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் சக்கரத்தோடு சேர்ந்தே ஓடுகிறது என்றால், குற்றம் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் இருக்க வாய்ப்பு அதிகம்: புரோப்பலர் ஷாப்ட், டிப்ரன்ஷல், சக்கரப் பேரிங். எண்ணெய் மிதித்தால் ஒரு குரல், காலை எடுத்தால் வேறொரு குரல் என்று ஊளையிட்டால் டிப்ரன்ஷலின் பல்சக்கரங்களைப் பாருங்கள்.

சக்கரப் பேரிங்கைக் கண்டுபிடிப்பது சுலபம். வெறுமையான திடலில் மெதுவாக இடமும் வலமுமாக வளைத்து ஓட்டுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங். எதிர்ப்பக்கம் கூடினால் வலப்பக்கம். முழுவதும் திருப்பி ஓட்டும்போது டக்டக்கென்று தட்டினால் முன்பக்க சி.வி. ஜோயிண்ட். மெதுவாக ஓடும்போது எண்ணெய் காணாத சைக்கிளைப் போல் கீச்கீச்சென்று தாளம் போட்டு, கியர் மாற்றும்போது டங்கென்று இடித்தால் யூ-ஜோயிண்ட்.

பிறகு, செம்மண் பாதையில் மட்டும் 2 எச்சிலிருந்து 4 எச்சுக்கு மாற்றிப் பாருங்கள். 4 எச்சில் மட்டும் சத்தம் என்றால் டிரான்ஸ்பர் கேஸையும் முன் டிப்ரன்ஷலையும் கவனிக்க வேண்டும். இதைத் தார்ச்சாலையில் செய்யக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. பெரும்பாலான பிக்கப்களில் அந்த வித்தியாசத்தை ஏற்க நடுவில் டிப்ரன்ஷல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துக் கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் பல்சக்கரம் முறுக்கேறும். முன்னும் பின்னும் அளவு மாறிய டயர் போட்டவர்களுக்கும் இதே கேடு வரும். 4 எல்லுக்கு மாற்றுவதாக இருந்தால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்தே மாற்றுங்கள். ஓடும்போது தள்ளினால் வரும் கறகறப்பு நோயல்ல, நாமே கொடுத்த அடி.

கடைசிச் சோதனை எண்ணெய். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்ப்பது போல டிப்ரன்ஷலிலும் கியர்பாக்ஸிலும் எண்ணெயைப் பார்க்க வேண்டும். எப்போதும் ஊற்றும் திருகை முதலில் கழற்றுங்கள். அது கழலாமல் கீழ்த்திருகை மட்டும் திறந்துவிட்டால் வெறும் பானையோடு நிற்க நேரிடும். காந்தத்தில் மை போலச் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருப்பது இயல்பு. செதிலாகவோ துண்டாகவோ இரும்பு வந்தால் பேரிங் அல்லது பல் உடைகிறது. அத்தோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். எண்ணெய் பால் தேநீர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடேறிய அச்சு குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் வந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. ஆகவே பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தத் திருகைத் திறந்து பார்க்காமல் பணத்தை எண்ணக் கூடாது. புது எண்ணெய் ஊற்றும்போது வண்டியின் கையேட்டில் உள்ள தரத்தையே கேட்டு வாங்குங்கள். டிப்ரன்ஷலுக்கு உகந்த ஜி.எல். 5 எண்ணெய், எல்லாக் கியர்பாக்ஸுக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

இங்கேதான் முக்கியமான சங்கதி. யூ-ஜோயிண்ட் போய்விட்டது என்று மாற்றுகிறோம். ஆறு மாதத்தில் மறுபடியும் போகிறது. சாமான் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். உண்மையில், சாமானை மாற்றினோமே தவிர சாய்வை மாற்றவில்லை. வண்டியைத் தூக்கியவர் பின் அச்சுக்கு ஆப்புத் தகடு வைத்துச் சாய்வைச் சமன் செய்தாரா, இரண்டு துண்டு ஷாப்டாக இருந்தால் நடுப் பேரிங்கைக் கீழிறக்கினாரா, முன் டிப்ரன்ஷலையும் இறக்கிக் கட்டினாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதைச் செய்யச் சொல்லுங்கள். அல்லது ஓர் அங்குலமாவது கீழே இறக்குங்கள். உயரத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் சட்டைப்பையில் அது மிஞ்சும். இப்படி மாற்றியமைக்கச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வேண்டும். அது இல்லாவிட்டால், விபத்து நேரும் நாளில் காப்புறுதிப் பணம் கேட்கும்போதும் தொல்லை வரலாம்.

ஓர் எச்சரிக்கை. ஜேக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். தாங்குகால் வைத்து, தரையில் நிற்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே தலையை உள்ளே நீட்டுங்கள். பக்கத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். சத்தம் திடீரென்று பெருத்தாலும், அதிர்வு உடம்பில் தெரிந்தாலும், எரிந்த எண்ணெய் வாசம் வந்தாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணாமல் ஓரங்கட்டுங்கள். முன்முனை கழன்று தரையில் குத்திய ஷாப்ட் வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். ஓட்டத்தில் இறுகிப்போன டிப்ரன்ஷல் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். பின்தொட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்கிற வழக்கம் இன்னும் இருக்கிற இடங்களில் இது எத்தனை வீட்டு விளக்கை அணைக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை வானொலியை அணைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதி, அதை எடுத்துக் கொண்டு பட்டறைக்குப் போங்கள். எப்போது சத்தம் வருகிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரிடம் தேவையில்லாத சாமானை யாரும் எளிதில் விற்க முடியாது.