சேர்ந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள்

என் மகன் பட்டாளத்தில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இந்த ஆறு வருஷத்தில் நான் அனுப்பிய எந்தப் பார்சலும் எந்தத் தேதியில் அவன் கைக்குப் போனது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. போன தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலேயே அதிரசமும் முறுக்கும் கட்டி அனுப்பினேன். கார்த்திகை தீபமெல்லாம் முடிந்த பிறகு போன் வந்தது. "வந்துருச்சும்மா, நல்லா இருந்துச்சு" என்றான். முறுக்கு இருந்திருக்கும். அதிரசம் அத்தனை நாள் தாங்காது என்று சுட்டவளுக்குத் தெரியாதா? என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறான். அதைக் கேட்டுத்தான் மனம் இன்னும் நொந்தது.

நாங்கள் இருப்பது அந்தமானில், போர்ட் பிளேரின் டாலிகஞ்சில். மாமனார் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். 2024-இல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். கப்பல் என்றால் மூன்று நாள். வெளிநாட்டில் காவல் நிற்கும் வீரர்களுக்குப் பார்சல் அனுப்புவது கஷ்டம் என்பார்கள். எங்களுக்கு நாட்டுக்குள் எங்கே போஸ்டிங் போட்டாலும் அது கடல் தாண்டிய இடம்தான். முதலில் அருணாசலப் பிரதேசம், இப்போது லடாக். இங்கே மழையும் காற்றும் வலுத்தால் விமானம் ரத்து. அங்கே பனி கொட்டினால் ஜோஜிலா போன்ற கணவாய்கள் அடைபடும். அப்புறம் விமானம் ஒன்றுதான் வழி, மேகம் மூடினால் அதுவும் இல்லை. இரண்டு பக்கத்து வானிலையும் ஒத்துவந்தால்தான் என் முறுக்கு நகரும்.

அனுப்புவதாவது சுலபமா? ஊறுகாய் கொண்டுபோனேன். எண்ணெய்ப் பண்டம் விமானத்தில் போகாது என்று கவுன்டரிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். சரி என்று அடுத்த முறை நார்த்தங்காயை உப்பில் ஊறவைத்து, வெயில் அடித்த நாளாகப் பார்த்துச் சுக்காகக் காயவைத்தேன். அவசரத்துக்குத் தனியார் கூரியருக்குப் போனால், "எந்த ஊர்?" என்பதுதான் முதல் கேள்வி. ஊர் இல்லை என்றால் அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். அவன்மேல் தப்பில்லை. என் மகனுடைய விலாசத்தில் ஊரே கிடையாது. பெயர், நம்பர், ரேங்க், யூனிட், பின்கோடு, கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சல் அலுவலக எண். அருணாசலத்தில் இருந்தபோது 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். 56 என்றால் டெல்லி வழி, 99 என்றால் கொல்கத்தா வழி. அங்கே ராணுவ அஞ்சல்காரர்கள் பிரித்து, அந்தந்த யூனிட் இருக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். யூனிட் இடம் மாறினாலும் விலாசத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. 1972-இல் வந்த பின்கோட்டில் 9 என்ற எண்ணில் தொடங்குபவை ராணுவத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. ராணுவ அஞ்சல் சேவை தனிப் படைப்பிரிவு ஆனதும் அதே வருஷம்தான். அவர்கள் உழைப்பை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். பனியில் மூட்டை சுமந்து போகிறவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான்.

என் ஆதங்கம் வேறு. ஸ்பீட் போஸ்ட் ரசீது நம்பரை மகள் தினமும் போனில் போட்டுப் பார்க்கிறாள். இங்கிருந்து கிளம்பியது தெரிகிறது. மெயின்லேண்டில் இறங்கியது தெரிகிறது. பிறகு, ராணுவ அஞ்சலிடம் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு வரி. அத்தோடு சரி. பத்து நாளானாலும் முப்பது நாளானாலும் அதே வரி. விசாரிக்கப் போனால், "அதுக்கு மேல எங்களுக்கே தெரியாதும்மா" என்கிறார்கள். மகன் இருக்கும் இடத்தில் பாதி நாள் சிக்னல் கிடையாது. அவனே கூப்பிட்டால்தான் உண்டு. பார்சல் வந்து சேரவில்லையா, சேர்ந்தும் அவனால் பேச முடியவில்லையா, இல்லை அவனுக்கே ஏதாவது ஆகிவிட்டதா? அந்த ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு எத்தனை ராத்திரி என்னென்னவோ நினைத்திருக்கிறேன்.

இடத்தைச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ரகசியம் என் பிள்ளையின் உயிருக்குக் காவல். கையெழுத்து வாங்கிக்கொண்டுதானே அவனிடம் கொடுக்கிறார்கள்? அந்தத் தேதியை மட்டும் அனுப்பியவளுக்கு ஒரு குறுஞ்செய்தியாகச் சொன்னால் எந்த ரகசியம் வெளியே போய்விடும்? ஊர் வேண்டாம், யூனிட் வேண்டாம். "சேர்ந்தது" என்ற ஒரு சொல் போதும்.

நம் அஞ்சல்துறைக்கு இது ஆகாத காரியமில்லை. 1953-இல் கொரியாவுக்குப் போன நம் படைக்கும், 1962-இல் காங்கோவில் இருந்தவர்களுக்கும், 1965-இல் காஸாவில் நின்றவர்களுக்கும் நம் தபால்தலைகளிலேயே தனியாக எழுத்துப் பதித்துக் கொடுத்த துறை இது. இன்றும் ராக்கிக்கு நனையாத தனி உறை விற்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீரர்களுக்கென்று ஒரு பெட்டி, இந்தத் தேதிக்குள் போட்டால் பண்டிகைக்குச் சேரும் என்று கவுன்டரில் ஓர் அறிவிப்பு, இவ்வளவு செய்தாலே எங்கள் பாதிக் கவலை போய்விடும். 2020-இல் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் போட்டு எங்கள் தீவுக்கு வேகமான இன்டர்நெட் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய வேலை நடந்த நாட்டில் இது பெரிய வேலையா?

2001-இலிருந்து முப்படைக்கும் சேர்த்து இங்கே ஒரு கமாண்ட் இருக்கிறது. பஜாரில் சாமான் வாங்க வரும் ஜவான்களைப் பார்க்கும்போதெல்லாம் பஞ்சாபிலோ பீகாரிலோ அவர்கள் அம்மாவும் ஒரு ரசீதை வைத்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு ஒன்றரை மாதம் இருக்கிறது. இன்றே அரிசியை வறுத்து வைத்துவிட்டேன். இந்த முறை அதிரசம் இல்லை. கெட்டுப்போகாத பொருள்விளங்காய் உருண்டை மட்டும். அவனுக்கு அதிரசம்தான் பிடிக்கும்.