வீட்டைப் பூட்டியது யார்?

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். கரிசலில் பருத்தி போடுகிற சம்சாரி. வீட்டைப் பூட்டிவிட்டு அருப்புக்கோட்டைக்குக் குடி வந்துவிட்டாராம். மூத்தவனை ஆறாம் வகுப்பில் நல்ல அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். 2020-லிருந்து மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் இருக்கிறதல்லவா? ஊர்ப் பள்ளியில் நான்கிலும் இரண்டிலும் படித்த சின்னவர்களையும் கூட்டி வந்துவிட்டார்.

“பிள்ளை படிப்புக்காக ஊரை விட்டது தப்பா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

தப்பே இல்லை. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன் என்ற பையனும் படிப்புக்காகத் திண்டுக்கல் போனான். 1892-ல் தகப்பனார் காலமானபின் மதுரையில் சிற்றப்பா வீட்டிலிருந்து படித்தான். அந்தப் பையன்தான் பிற்பாடு ரமண மகரிஷி. நானும் அப்படி டவுனுக்கு வந்து படித்தவன்தான்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 ஆனால் 3 பேர். நண்பருடைய ஊர்ப் பள்ளியில் 62 பிள்ளைகள் என்று வையுங்கள். அவருடைய சின்னவர்கள் இரண்டு பேரும் போனதும் 60. மூன்றாவது வாத்தியார் ‘உபரி’ ஆகிவிடுகிறார்! மீதி இரண்டு பேர், ஐந்து வகுப்பு. அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் மூட்டை கட்டுகிறார். கடைசியில் மிஞ்சுவது யார்? டவுனில் வாடகை கொடுக்க வழியில்லாத கூலிக்காரரின் பிள்ளைகள்.

“பெற்றோருக்கு ஊர்ப்பற்று இல்லை” என்று மேடையில் உபதேசம் செய்கிற பெரியவர்களைக் கேட்கிறேன்: முளைப்புக் குறைந்தது என்பதற்காக விதையைக் குறைத்துப் போடுகிற சம்சாரி கரிசலில் எவனாவது உண்டா? சட்டம் சொல்வது குறைந்தபட்ச எண்ணிக்கை. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று யார் தடுத்தார்கள்? 1954-ல் முதலமைச்சரான காமராஜர் இதே சீமைக்காரர். பிள்ளைகளைத் தேடிப் பள்ளியை ஊருக்குள் அனுப்பியவர். அவருக்கு மாலை போடும் கைகள் தலையை எண்ணி வாத்தியாரைப் பிடுங்கலாமா? தலை எத்தனை இருந்தாலும் வகுப்புக்கு ஒரு வாத்தியார் கொடுங்கள்.

நண்பர் எழுந்தார். “மூத்தவனுக்கு பஸ் போதும், அண்ணாச்சி. சின்னதுகளுக்காகத்தான் வீட்டையே பூட்டினேன். அங்கே வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருந்தால் எனக்கு இங்கே என்ன வேலை?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்ல.