நான் வெச்ச பேர்

'குண்டு', 'ரோடு ரோலர்'னு உங்க கிளாஸ்லயும் ஒரு பட்டப்பேர் கண்டிப்பா இருக்கும். எங்க சொந்தத்துலயும் ஒண்ணு உண்டு. பெரியப்பா பையன், எனக்கு எட்டு வயசு மூத்தவர். ஆறாங்கிளாஸ் படிக்கும்போது அந்தப் பேரை வெச்சது சாட்சாத் அடியேன்தான். குடும்பமே அதைச் சொல்லித்தான் கூப்பிடுது!

போன மாசம் அண்ணன்கூட ஆஸ்பத்திரிக்குப் போனேன். எடை குறைக்கிற ஆபரேஷனுக்காக. வெயிட் 138 கிலோ. கூடவே ஷுகர். வெயிட்டிங் ஹால்ல எல்லாமே கைப்பிடி வெச்ச சேர். அண்ணன் உட்காரவே இல்லை, ஒரு மணி நேரம் நின்னுட்டே இருந்தார். பி.பி. பார்க்கிற பட்டை கையைச் சுத்தி வரலை. பக்கத்துல யாரோ சிரிச்சாங்க. பட்டை சின்னதா இருந்தா, பி.பி. நிஜத்தைவிட அதிகமாத்தான் காட்டும். லோடு தாங்கலைன்னா டிசைன்ல தப்புன்னுதான் எங்களுக்குப் பாடம் நடத்துறாங்க. இங்கே மட்டும் ஆள் மேல தப்பைப் போடுறோம்!

"பயமா இருக்காண்ணே?"

"ஆபரேஷனுக்கு இல்லடா. 'வாயைக் கட்டத் தெரியாதவன் வயித்தை அறுத்துக்கிட்டான்'னு சொல்வாங்கல்ல... அதுக்குத்தான்."

ஆபீஸ்ல 'ஹெர்னியா ஆபரேஷன்'னு பொய் சொல்லித்தான் லீவு கேட்டிருக்கார்.

இது என்ன அவ்வளவு ஈஸியான குறுக்குவழியா? 'ஸ்லீவ்' ஆபரேஷன்ல இரைப்பையில கிட்டத்தட்ட 80 சதவிகிதத்தை எடுத்துடுறாங்க. பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது அந்தப் பகுதியிலதான். ஆக, பசிங்கறது நாக்கு சமாசாரம் மட்டும் இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறமும் அளவுச் சாப்பாடு, ஆயுசு முழுக்க விட்டமின் மாத்திரை, ரெகுலர் செக்கப். கட்டுப்பாடு இல்லாதவங்க செய்யற காரியமா இது?

'கேலி பண்ணினா ரோஷம் வந்து இளைப்பாங்க'ன்னு ஒரு நினைப்பு நமக்கு. ஆராய்ச்சிகள் சொல்றது அப்படியே உல்ட்டா! கேலிக்கு ஆளானவங்க அந்த வேதனையில இன்னும் அதிகமா சாப்பிடுறாங்க, டாக்டர்கிட்ட போகவே கூச்சப்படுறாங்க. அண்ணனும் ஷுகர் எகிறின பிறகுதான் ஆஸ்பத்திரி வாசப்படியையே மிதிச்சார்.

அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். "என் பேரை மட்டும் போட்டுடாதடா"ன்னார். அம்மா-அப்பா வெச்ச பேரையும் போடலை, நான் வெச்சதையும் போடலை. இனிமே அப்படிக் கூப்பிடவும் மாட்டேன். ஸாரிண்ணே!

சரி ஃப்ரெண்ட்ஸ்... நீங்க யாருக்குப் பேர் வெச்சிருக்கீங்க?