குதிரைப் பஞ்சாங்கம்

பஞ்சாங்கத்தைப் பழிக்கிறோம். பல்லி சொல்லும் பலனைக் கேட்டு நகைக்கிறோம். நன்று! ஆனால், பகுத்தறிவு பேசும் இளைஞன் ஒருவன் பந்தயத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது மூடநம்பிக்கையல்ல, கணக்கு" என்று வாதாடினால், அவனுக்கு நாம் என்ன சொல்வது? அந்தத் தாளின் வரலாற்றைச் சொல்வோம்.

1853-ல் பந்தயப் பணம் வாங்கும் விடுதிகளைச் சட்டம் போட்டு மூடிற்று ஆங்கில அரசு. 1855-ல் செய்தித்தாள் மீதிருந்த முத்திரை வரி நீங்கிற்று. ஊர்தோறும் தந்திக் கம்பி படர்ந்தது. 1859-ல் இலண்டனில் பிறந்தது 'ஸ்போர்ட்டிங் லைப்', விலை ஒரு பென்னி. விடுதி மூடியது, ஏடு விரிந்தது! 1883-ல் அது நாளேடாயிற்று. குதிரைகள் புறப்படும் நேரத்தில் களத்தில் நிலவிய விலையை அதன் செய்தியாளர் குறித்தனுப்புவார். களத்தையே கண்டிராத தொழிலாளி தெருமுனையில் கட்டிய காசுக்கு அந்த விலைதான் தீர்ப்பு! 1906-ல் தெருப் பந்தயத்தையும் தடுத்தது சட்டம். காசு வாங்கியவன் குற்றவாளி. கணிப்பு விற்ற ஏடோ கனவான்! 1998 வரை அது வாழ்ந்தது.

அமெரிக்காவின் கதை இன்னும் தெளிவு. 1894-ல் சிகாகோவில் தோன்றிய 'டெய்லி ரேசிங் பார்ம்' ஏட்டை 1922-ல் வாங்கினார் மோசஸ் அன்னன்பெர்க். பந்தய முடிவுகளைச் சூதாட்டக்காரர்களுக்கு அனுப்பும் தந்திச் சேவையும் அவர் கைக்கு வந்தது. செல்வம் குவிந்தது. எவ்வளவு? வருமான வரி ஏய்த்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 1940-ல் அவர் சிறை செல்லும் அளவுக்கு! குதிரை மீது பணம் கட்டியா அவர் கோடீசுவரரானார்? இல்லை, தோழர்களே. பணம் கட்டுவோருக்குத் தாள் விற்று!

நம் தூத்துக்குடிக் கரைக்கு இது புதுமையன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் 'கடல்கட்டி' என்றொருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் தொழில். கரையில் அவர் முணுமுணுப்பார். மூழ்குபவர் உயிரைப் பணயம் வைத்து நீரில் இறங்குவார். சுறா வந்தாலும் வராவிட்டாலும் கடல்கட்டிக்குக் கூலி உண்டு. குதிரை வென்றாலும் தோற்றாலும் கணிப்பாளருக்கும் கூலி உண்டு. மூழ்கியவராவது சிப்பியோடு மேலே வந்தார்; பந்தயத்தில் மூழ்கியவர் எதைக் கொண்டு வந்தார்?

"பந்தயம் திறமையைச் சார்ந்தது, உச்சநீதிமன்றமே சொல்லிற்று" என்பர். உண்மை. குதிரைப் பந்தயம் சூதன்று, திறமை என்று 1996-ல் அம்மன்றம் கூறிற்று. திறமை என்றே கொள்வோம். காலையில் தாள் வாங்கிய அத்தனை பேருக்கும் அதே திறமைதானே வாய்த்தது? எல்லோரும் அறிந்ததை அறிந்து எவரை வெல்வது? தாள் புகழ்ந்த குதிரைக்குப் பணம் குவியும்; குவிந்ததும் அதன் விலை குறையும். அறிவின் பயனைத் தரகர் முன்பே கழித்துக்கொண்டார்!

பள்ளியில் நாம் கற்பிக்கும் எளிய கணக்கு போதும். சமபலமுள்ள நான்கு குதிரைகள். ஒவ்வொன்றின் மீதும் 100 ரூபாய். திரண்டது 400. எது வென்றாலும் தரகர் தருவது 350 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 50 அவருக்கு. ஓட்டத்துக்கு ஓட்டம் இந்தக் கழிவு தொடர்ந்தால், ஊர்ப் பணம் எங்கே போய்ச் சேரும்? எண்கள் நிறைந்ததெல்லாம் அறிவியலாகுமா? பஞ்சாங்கத்திலும் எண்கள் உண்டு!

இன்று அந்தத் தாள் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. கடைக்குப் போகும் வெட்கமும் இல்லை. இரவென்றும் பகலென்றும் இல்லை.

இதே தூத்துக்குடியில் 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். ஒரு பங்கு 25 ரூபாய். அந்தக் கம்பெனி வீழ்ந்தது. கட்டிய பணம் போயிற்று. ஆனால் கொழும்புக்குக் கப்பல் ஓடிற்று, அடிமைகள் தலைநிமிர்ந்தனர். பணத்தை இழப்பதிலும் பெருமை உண்டு, எதற்காக இழந்தோம் என்று நம் பிள்ளைகளிடம் சொல்ல முடிந்தால்! பந்தயத் தாளை நம்பி இழந்தவன் தன் பிள்ளையிடம் என்ன சொல்வான்?

இளைஞனே, பையிலிருக்கும் அந்தத் தாளை எடு. பஞ்சாங்கத்தை எங்கே எறிந்தாயோ, அங்கேயே இதையும் எறி!