படத்தில் சாந்தம், கடிதத்தில் சண்டை

புதன்கிழமை மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தில் நவநாள். மெழுகுவர்த்திக் கடையை நெருங்கவே முழங்கையால் வழி செய்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் தாராவியிலிருந்து வரும் நம் திருநெல்வேலிக்காரர்களுக்குக் குறைவில்லை; பொட்டு வைத்தவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு. சொந்தமாக ஒரு ரூம் வேண்டி மெழுகில் செய்த குட்டி வீட்டை மாதாவுக்குக் காணிக்கை வைக்கிறார்கள்.

இதே இடத்தில் ஓர் ஆயர் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு சுமார் பதினைந்து நாள் கிடந்தார் என்றால் வரிசையில் நிற்பவர்கள் நம்ப மாட்டார்கள். கட்டடமும் அது அல்ல. இப்போது இருப்பது 1970களில் எழுந்தது.

நடந்தது 1853இல். ஆயரின் பெயர் அனஸ்தாசியுஸ் ஹார்ட்மன். ஸ்விட்சர்லாந்துக்காரர், கப்புச்சின் துறவி. தகராறு வேதத்தைப் பற்றியதல்ல, அதிகாரத்தைப் பற்றியது. கீழ்நாட்டுக் கோயில்களில் குருக்களை நியமிக்கும் உரிமையைப் போர்ச்சுகல் மன்னருக்கு ரோம் எப்போதோ கொடுத்திருந்தது. அதற்குப் பெயர் பதுரவாதோ. பின்னாளில் ரோம் தன்னுடைய புரொப்பகாந்தா என்ற அமைப்பின் மூலம் நேரடியாக ஆள் அனுப்பத் தொடங்கியது. பம்பாயில் 1794இல் ஆங்கிலேய அரசு இரு தரப்புக்கும் கோயில்களைப் பிரித்துக் கொடுத்தது. சொத்துத் தகராறு தீர்ந்தது என்று அரசு நினைத்திருக்கும்.

மாஹிம் பங்கு மக்கள் கோவா குருக்கள் பக்கம் சாய்ந்தார்கள். ரோமின் ஆளான ஹார்ட்மன் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஒப்படைப்பதைவிட வேதசாட்சியாகச் சாவேன் என்றார். வெளியே முற்றுகை, உணவு உள்ளே போக வழியில்லை. கடைசியில் அரசாங்கம் தலையிட்டுக் கதவைத் திறக்க வைத்தது. கோயில் எதிர்த் தரப்பிடம் போயிற்று.

அந்தக் காலத்துக் குருமார் படங்களைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. நீண்ட தாடி, மார்பில் சிலுவை, எங்கோ தூரத்தில் பார்வை. பத்துப் படங்களைக் கலைத்துப் போட்டால் யார் யாரென்று சொல்ல முடியாது. ஆளைத் தெரிந்துகொள்ள எழுத்துக்குத்தான் போக வேண்டும். ஹார்ட்மன் தொடர்பான ஆவணங்கள் 1939 முதல் லூசர்ன் நகரில் தொகுதி தொகுதியாக அச்சேறின. மனிதர் சும்மா இருந்தவரல்ல. 1850இல் பம்பாயில் 'கத்தோலிக் எக்ஸாமினர்' பத்திரிகை அவர் காலத்தில்தான் தொடங்கியது. பிற்பாடு பாட்னாவில் புதிய ஏற்பாட்டை இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். சக தொழிலாளி என்ற முறையில் எனக்கு அவர்மேல் ஒரு சாய்வு வந்துவிடுகிறது, அங்கேதான் ஆபத்து.

இதே சண்டை நம் பக்கமும் நடந்தது. 1838இல் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த இயேசு சபையாரைக் கோவா குருக்கள் வரவேற்கவில்லை. அவர்களில் ஒருவரான ஜோசப் பெர்த்ராந்த் பாரிசில் நான்கு தொகுதிகள் வெளியிட்டார். பழைய மிஷனரிகளின் கடிதங்கள் பலவும் அவற்றில் பிரெஞ்சில் இருக்கின்றன. மதுரை நாயக்கர் வரலாற்றை 1924இல் எழுதிய சத்தியநாத ஐயர் இந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில் பின்னிணைப்பாகச் சேர்த்தார். ஆக, நாயக்கர் அரண்மனைச் செய்தி ஒன்று மூன்று நான்கு மொழி மாறித் தமிழுக்கு வருகிறது. வழியில் எது உதிர்ந்தது, எது ஒட்டியது என்று யார் கண்டார்கள்? எழுதியவர்களும் ஐரோப்பாவில் இருந்த மேலாளர்களையும் காணிக்கை அனுப்புபவர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருப்பார்கள்.

மாஹிமுக்கு வருவோம். உள்ளே இருந்தவர்கள் எழுதினார்கள். ஹார்ட்மனின் உதவியாளர் பெர்சிக்கோ அதே ஆண்டு ரோமுக்கும் லண்டனுக்கும் போய் முறையிட்டார். கடைசியில் கர்தினாலும் ஆனார். வெளியே நின்றவர்கள்? தங்கள் முன்னோர் தொழுத கோயிலுக்குத் தங்களுக்குப் பழக்கமான, தங்கள் பேச்சு தெரிந்த சாமியார் வேண்டும் என்றவர்கள். ரோமின் தரப்பு அவர்களுக்கு வைத்த பெயர் 'பிரிவினைக்காரர்'. அந்தச் சொல்லை மொழிபெயர்க்கும்போதெல்லாம் மேற்கோள் குறி போடுகிறேன்.

ஹார்ட்மன் 1866இல் பாட்னா அருகே குர்ஜியில் இறந்தார். பம்பாயில் இரட்டை ஆட்சி 1928 ஒப்பந்தத்தில்தான் முடிந்தது. முற்றுகையிட்ட மாஹிம்காரர் ஒருவரின் படத்தையும் நான் இதுவரை பார்த்ததில்லை.